கேளுங்க அண்ணாச்சி: தாத்தா பொறந்தது சிலோன்ல, பேரனுக்கு இரட்டைக் குடியுரிமை உண்டா?

இந்தத் தடவ தபால் பூரா ஒரே விஷயந்தான். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், தென்மலை, குளத்துப்புழைன்னு வந்த லெட்டர், வாட்ஸாப் வாய்ஸ் எல்லாத்துலயும் இலங்கை இரட்டைக் குடியுரிமை. விசாரிச்சா, யாரோ ஒருத்தர் எஸ்டேட் காலனி காலனியா போயி "தாத்தா சிலோன்ல பொறந்தவரா, அப்ப உங்களுக்கு அங்க உரிமை இருக்கு, ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம், அட்வான்ஸ் குடுங்க"ன்னு சொல்லிட்டுத் திரியிறாராம். அதனால சமையல் கேஸ், பட்டா, பிஎஃப் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணாச்சி வணக்கம். குளத்துப்புழை பக்கம் ரப்பர் எஸ்டேட் காலனில இருக்கோம். எங்க தாத்தாவும் பாட்டியும் தலவாக்கலை பக்கத்துல தேயிலைத் தோட்டத்துல இருந்து 1970கள்ல இங்க வந்தவங்க. தாத்தாவோட பழைய பாஸ்போர்ட், மண்டபம் முகாம்ல குடுத்த குடும்ப கார்டு, ரெண்டு பேரோட பொறப்புச் சீட்டு எல்லாம் தகரப் பெட்டில இருக்கு. என்னோட இந்திய பாஸ்போர்ட்டையும் வச்சுக்கிட்டு இலங்கைக் குடியுரிமையும் வாங்க முடியுமா? – ச.மு., குளத்துப்புழை

முடியாது தம்பி. முதல்லயே சொல்லிட்டேன், இனி ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல நம்ம பக்கம். இந்தியாவுல இரட்டைக் குடியுரிமைங்கறதே கிடையாது. அரசியல் சட்டம் 9ஆம் பிரிவு, 1955ஆம் வருஷ குடியுரிமைச் சட்டம் அதுலயும் 9ஆம் பிரிவு, ரெண்டும் சொல்றது ஒண்ணுதான், சொந்த விருப்பத்துல வேற நாட்டுக் குடியுரிமைய வாங்குனா அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும். நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம், யாரும் ஆர்டர் போட வேண்டாம், தானா போயிடும். வெளிநாட்டு பாஸ்போர்ட் ஒண்ணு உங்க பேர்ல வந்துட்டாலே அதுக்கு மேல சாட்சி வேண்டாம்னு குடியுரிமை விதியிலயே இருக்கு. அதுக்கப்புறமும் இந்திய பாஸ்போர்ட்ட பையில வச்சிருந்து காட்டுனா அது பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம். ஆக "ரெண்டும் வச்சுக்கலாம்"னு அந்த ஆளு சொன்னது முதல் வார்த்தையிலயே பொய்யாப் போச்சு.

சரி, இந்தியாவே வேண்டாம், இலங்கை மட்டும் போதும்னு வச்சாலும் கதவு தொறக்காது, அதுதான் நிறைய பேருக்கு வீட்லயே தெரியாத விஷயம். இலங்கையில இரட்டைக் குடியுரிமை 1987லதான் சட்டத்துல வந்துச்சு. அது யாருக்குன்னா, முன்னாடி இலங்கைக் குடிமகனா இருந்து, வேற நாட்டுக் குடியுரிமை வாங்குனதால அத இழந்தவங்களுக்கு. கனடா போன யாழ்ப்பாணத்துக்காரர், லண்டன் போன கொழும்புக்காரர் மாதிரி. உங்க தாத்தா எதையும் இழக்கல தம்பி, அவருக்கு அங்க குடியுரிமையே குடுக்கல.

பொறந்தது அங்க, கொழுந்து பறிச்சது அங்க, அப்புறம் எப்படி குடியுரிமை இல்லன்னு கேப்பீங்க. 1948ல சுதந்திரம் வந்த கையோட ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தாங்க. அங்க பொறந்திருந்தா மட்டும் பத்தாது, அப்பாவும் அங்கதான் பொறந்தாருன்னு நிரூபிக்கணும், இல்ல அப்பாவோட அப்பா, அவரோட அப்பா ரெண்டு பேரும் அங்க பொறந்தவங்கன்னு காட்டணும். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்துல யாரு போயி பொறப்பு பதிஞ்சா? ஒரே கையெழுத்துல தோட்டத்து ஜனம் லட்சக்கணக்குல நாடில்லாதவங்களாப் போனாங்க. 1949ல இந்தியர் பாகிஸ்தானியருக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டாங்க, மனு எழுதி எழுதி முக்காவாசி தள்ளுபடி ஆச்சு.

அதுக்கப்புறம் 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம்ம லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேருன்னு கணக்கு வச்சு, 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கறது, மிச்சம் 1,50,000 பேர பெறகு பாத்துக்கலாம்னு. 1974ல இந்திரா காந்தி காலத்துல அந்த மிச்சத்த ஆளுக்குப் பாதி 75,000ன்னு பிரிச்சாங்க. சொத்துல கூட அண்ணன் தம்பி இவ்வளவு அளந்து பிரிக்க மாட்டான். ஒரே லயத்துல அக்கா இலங்கை, தம்பி இந்தியான்னு ஆன குடும்பம் எத்தனையோ.

உங்க தாத்தா அதுல இந்தியக் கணக்குல வந்தவரு. கண்டியில இருந்த இந்தியத் தூதரக ஆபீஸ்ல பதிவு பண்ணி, இந்தியப் பிரஜைன்னு பாஸ்போர்ட் குடுத்து, மலையில இருந்து ரயில் ஏத்தி, தலைமன்னார்ல கப்பல் ஏத்தி ராமேஸ்வரத்துல இறக்கிவிட்டாங்க. மண்டபத்துல குடும்ப கார்டு குடுத்து அவனவனுக்கு ஒதுக்குன ஊருக்கு அனுப்புனாங்க. நீலகிரில டேன்டீ தேயிலைத் தோட்டம் மாதிரி, உங்க பக்கம் புனலூர்ல மறுவாழ்வு ரப்பர் தோட்டம், ஆர்பிஎல், 1972ல ஆரம்பிச்சு 1976ல கம்பெனியானது, இவங்களுக்காகவே வந்தது. இத நான் சொல்லி நம்ப வேண்டாம், அந்தத் தகரப் பெட்டியத் தொறந்து பாஸ்போர்ட் அட்டையப் பாருங்க. நம்ம அசோகத் தூண் சிங்க முத்திரை இருக்கும். உள்ள வழங்குன இடம் கண்டின்னு இருக்கும். இலங்கை குடுத்த பாஸ்போர்ட் இல்ல அது, இந்தியா அங்க வச்சு குடுத்தது. அந்த ஒரு பக்கமே உங்க கேள்விக்குப் பதில்.

2003ல இலங்கையில இன்னொரு சட்டம் வந்துச்சு, 1964 அக்டோபர் 30ல இருந்து அங்க நிரந்தரமா இருக்கற இந்திய வம்சாவளிக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் குடியுரிமைன்னு. 2009ல, கலவரம் போருன்னு இந்தியாவுக்கு அகதியா ஓடிவந்து கெடந்தவங்களையும் அதுல சேர்த்தாங்க. அந்த ஏஜென்ட் இந்தச் சட்டத்து நம்பரத்தான் காட்டுறாருன்னு நெனைக்கேன். அது நாடில்லாம மாட்டிக்கிட்டவங்களுக்கு, ஒப்பந்தத்துல இந்தியக் குடியுரிமை வாங்கி வந்து இங்க ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் உள்ள குடும்பத்துக்கு இல்ல.

பெட்டிய மட்டும் பத்திரமா வைங்க. குடும்ப கார்டு, பாஸ்போர்ட் ரெண்டையும் அக்ஷயா சென்டர்ல நல்லா ஸ்கேன் எடுத்து வச்சுக்கங்க. நாளைக்கு யாராவது "நீங்க இந்தியக் குடிமகன்னு காட்டு"ன்னு கேட்டா அதவிட பலமான காகிதம் உங்க வீட்ல வேற கிடையாது.

எங்க பெரியப்பா குடும்பம் மட்டும் ஹட்டன்லயே தங்கிட்டாங்க, இலங்கைக் குடியுரிமை உள்ளவங்க. அவங்களுக்கு இந்தியாவோட இரட்டைக் குடியுரிமை கிடைக்கும்னு சொல்றாங்களே, ஓசிஐ கார்டாமே? – ரா.செல்வி, தென்மலை

ஓசிஐன்னா இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்னு பேர் வச்சிருக்காங்க, பேர்ல குடிமகன் இருக்கறதால எல்லாரும் ஏமாறுறாங்கம்மா. உண்மையில அது ஆயுசுக்கும் செல்லுற விசா, அவ்வளவுதான். எத்தன தடவ வேணாலும் வரலாம், எவ்வளவு நாள் வேணாலும் இருக்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது, எலக்‌ஷன்ல நிக்க முடியாது, சர்க்கார் வேலை கிடையாது, விவசாய நிலம், தோட்டம் வாங்க முடியாது. ரப்பர் வாங்கிப் போடலாம்னு பெரியப்பா நெனச்சா அது நடக்காது.

அவங்களுக்குத் தகுதி உண்டான்னா, சட்டப்படி இருக்கலாம். 1950 ஜனவரி 26 அன்னைக்கு இந்தியக் குடிமகனாக தகுதி இருந்தவரோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் கேக்கலாம். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமை இருந்தவங்களுக்குத்தான் அறவே கிடையாது, இலங்கைக்கு அந்தத் தடை இல்ல. சிக்கல் எங்கன்னா காகிதத்துலதான். உங்க பாட்டனாரு திருநெல்வேலி ஜில்லாவுல எந்த கிராமம், அதுக்கு என்ன சாட்சி, அவரோட மகன்தான் இவருங்கறதுக்கு என்ன சாட்சி. தோட்டத்துச் செக்ரோல்ல, அதான் கூலிப் பதிவேட்டுல, "முத்தையா"ன்னு இருக்கும், பொறப்புச் சீட்டுல "முத்தையாப் பிள்ளை"ன்னு இருக்கும், அடையாள அட்டையில சிங்களக் கிளார்க்கு காதுல விழுந்தபடி வேற ஒண்ணு இருக்கும். மூணும் ஒரே ஆளுன்னு காட்டுறதுக்குள்ள தாவு தீந்துடும். உங்க அப்பா வீட்ல உள்ள பழைய காகிதத்துல சொந்த ஊர் பேர் எழுதியிருக்கும், அது ஒரே தாத்தான்னா பெரியப்பாவுக்கும் உதவும். காப்பி எடுத்து அனுப்பிவைங்க, ஒரிஜினல் அனுப்பாதீங்க.

நான் புனலூர். கொழும்புல ஹோட்டல்ல வேலை, அங்கேயே இலங்கைப் பொண்ணக் கல்யாணம் பண்ணிட்டேன். குழந்தை கொழும்புலதான் பொறந்துச்சு. பிள்ளைக்காவது ரெண்டு நாடும் இருக்குமா? – ஜோ., புனலூர்

இந்த ஒரு எடத்துலதான் கொஞ்சம் இடம் இருக்கு, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

அம்மா வழியா பிள்ளை இலங்கைப் பிரஜை. 2003க்கு முன்னாடின்னா அப்பா மூலமாத்தான் வரும்னு இருந்துச்சு, அந்த வருஷம் மாத்திட்டாங்க, இப்ப அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருத்தர் போதும். அப்பா இந்தியர்ங்கறதால இந்தியக் குடியுரிமையும் வரும், ஆனா தானா வராது, பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள கொழும்பு இந்தியத் தூதரகத்துல பதியணும். பதியும்போது பிள்ளை பேர்ல வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அதனால ஆசை ஆசையா இலங்கை பாஸ்போர்ட் முதல்ல எடுத்துடாதீங்க, எடுத்துட்டா அந்த வரியில கையெழுத்துப் போட முடியாது. ஒரு வருஷம் தாண்டிப் போச்சுன்னா டெல்லில இருந்து அனுமதி வாங்கித்தான் பதியணும், அலைச்சல்.

அப்படிப் பதிஞ்ச பிள்ளைக்கு வேற நாட்டுக் குடியுரிமையும் இருந்தா, 18 வயசு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள அத விட்டுடணும். விடலன்னா இந்தியக் குடியுரிமை போயிடும், 4ஆம் பிரிவுலயே இருக்கு. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு இந்தியா வந்துபோக ஓசிஐ கேக்கலாம், கல்யாணம் ரிஜிஸ்டர் பண்ணி ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும். நீங்க அங்க இருக்கறதுக்கு ஸ்பவுஸ் விசா போதும், இலங்கைக் குடியுரிமைக்கு ஆசைப்பட்டா முதல் பதில்ல சொன்ன அதே கதைதான் உங்களுக்கும்.

என் வீட்டுக்காரி 1990ல சின்னப் பிள்ளையா இலங்கையில இருந்து படகுல வந்தவ, அகதி முகாம்ல வளந்தவ. நான் இந்தியன். ரெண்டு பிள்ளைக, 2009லயும் 2012லயும் தென்காசில பொறந்தாங்க. நான் பார்டர் தாண்டி ஆரியங்காவு பக்கம் ரப்பர் வெட்டப் போறேன், அவள கூட்டிட்டுப் போகணும்னா கூட செக்கிங்குக்கு முகாமுக்குத் திரும்பணும். அவளுக்கு இந்தியக் குடியுரிமை எப்ப கிடைக்கும்? – பெயர் வேண்டாம், புளியரை

வந்த கேள்வியிலயே இதுதான் மனச அறுக்குது. மத்தவங்க ரெண்டு நாடு கேக்காங்க, இவங்களுக்கு ஒண்ணுக்கே வழியில்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, இந்தியரக் கல்யாணம் பண்ணி ஏழு வருஷம் இங்க இருந்தா பதிவு மூலமா குடியுரிமை கேக்கலாம். ஆனா அதே வரியில "சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது"ன்னு ஒரு கொக்கி. விசா இல்லாம படகுல வந்த எல்லாரையும் அந்தக் கணக்குல சேக்காங்க. சிஏஏன்னு சொல்ற 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை கிடையாது. 2025 செப்டம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு, 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட் விசா இல்லாததுக்காக தண்டனை கிடையாதுன்னு. நல்லதுதான், கேஸ் பயம் போச்சு, ஆனா குடியுரிமை குடுத்துட்டாங்கன்னு வாட்ஸாப்புல சுத்துறது தப்பு.

பிள்ளைக விஷயம் பொறந்த தேதியப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய மண்ணுல பொறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும் பொறப்பாலயே இந்தியர். மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு அம்மா அத வச்சுத்தான் மதுரை ஹைகோர்ட்டு கிளைக்குப் போயி, 2022ல பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி ஆர்டர் வாங்குனாங்க, 2024 எலக்‌ஷன்ல ஓட்டும் போட்டாங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் 2004 டிசம்பர் 3க்கு முன்னாடின்னா ஒருத்தர் இந்தியரா இருந்தா போதும். உங்க பிள்ளைக அதுக்கும் பின்னாடி, அப்ப ஒருத்தர் இந்தியரா இருக்கணும், மத்தவர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. அந்தக் கொக்கி இங்கயும் வந்து நிக்குது.

இருந்தாலும் கைய விட வேண்டாம். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்ல உள்ளவங்க போட்ட வழக்குல 2019ல அதே மதுரைக் கிளை, மனு குடுங்க, மத்திய அரசு இவங்க நிலைமையப் பாத்து முடிவு எடுக்கட்டும்னு சொல்லியிருக்கு. கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணுங்க, பிள்ளைகளோட பர்த் சர்ட்டிபிகேட்ல உங்க பேரு உங்க ஆதார்ல உள்ள மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு பாருங்க, முகாம்ல முதன்முதல்ல பதிஞ்ச சீட்டு எங்க இருந்தாலும் தேடி எடுங்க. மாமனாரு மாமியாரு மலையகத்து, அதான் அங்க உள்ள தேயிலைத் தோட்டத்து, ஆளுகளான்னும் கேளுங்க, இந்திய வம்சாவளின்னு காட்ட முடிஞ்சா மனுவுக்கு இன்னும் பலம். தென்காசிலயோ மதுரைலயோ இலவச சட்ட உதவி மையத்துல இத முறையா எழுதி வாங்குங்க, வெறும் நோட்டரி ஆள்கிட்ட போகாதீங்க.

என் தங்கச்சி வீட்டுக்காரர் யாழ்ப்பாணம், இப்ப கனடா பிரஜை. அவருக்காவது இரட்டைக் குடியுரிமை உண்டா? – வ.க., அச்சன்கோவில்

அவருக்கு உண்டு, அவரு மாதிரி ஆளுக்குத்தான் அந்தச் சட்டமே. கொழும்பு பக்கத்துல பத்தரமுல்லையில குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், இல்ல கனடாவுல உள்ள இலங்கைத் தூதரகம் மூலமா மனு போடலாம். 55 வயசுக்கு மேலன்னா அது ஒரு வகை, படிப்பு இல்ல தொழில் தகுதி ஒரு வகை, இலங்கையில சொத்து ஒரு வகை, பேங்க்ல டெபாசிட் ஒரு வகை, இதுல ஏதாவது ஒண்ணுல பொருந்துனா போதும். பொஞ்சாதி பிள்ளைகளையும் கூட சேத்துக்கலாம், ஆனா உங்க தங்கச்சி இந்திய பாஸ்போர்ட்ல இருந்தா அவங்கள இதுல இழுக்க வேண்டாம். இன்னும் கனடா குடியுரிமை வாங்காதவங்கன்னா வாங்கறதுக்கு முன்னாடியே "இலங்கைய வச்சுக்கறேன்"னு மனு போடலாம், அதுக்கும் வழி இருக்கு. 2011ல நிறுத்தி வச்சிருந்தாங்க, 2015ல திரும்ப ஆரம்பிச்சாங்க. ஃபீஸ் அப்பப்ப மாறும், தூதரகத்துல கேட்டுட்டு கட்டச் சொல்லுங்க.

வாங்குனா நிலம் வாங்கலாம், அதான் பெரிய லாபம். எம்பி ஆக முடியாது. 2015ல தடை, 2020ல எடுத்தாங்க, 2022ல திரும்பத் தடை. சுவிஸ் குடியுரிமை இருந்த ஒரு எம்பி 2017ல சீட்ட விட்டாங்க, 2024ல பிரிட்டிஷ் குடியுரிமை விஷயத்துல இன்னொரு எம்பி. மச்சானுக்கு அந்த ஆசை இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

தாத்தா இருந்த லயத்து வீட்டுல எங்களுக்குப் பங்கு இருக்கா? – குமரேசன், ஏரூர்

இல்ல. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வேலை பாத்தவனுக்கு அதுல பட்டாவும் கிடையாது பங்கும் கிடையாது. நெசமாவே உறுதிப் பத்திரத்தோட சொந்தக் காணி இருந்தா அது வேற. 2014 சட்டப்படி வெளிநாட்டாருக்கு அங்க நிலம் எழுதித் தர முடியாது, ஆனா ரத்த உறவுல வாரிசா வந்தா அதுக்கு விலக்கு உண்டு. அதுக்கும் குடியுரிமை தேவையில்லைங்கறத கவனிங்க.

நேபாளத்துல இரட்டைக் குடியுரிமை ஈசின்னு யூடியூப்ல சொல்றாங்களே? – ஆர்.பி., செங்கோட்டை

பொய். வெளிநாடுவாழ் நேபாளிகளுக்குன்னு ஒரு தனிக் குடியுரிமை இருக்கு, அதுவும் இந்தியா மாதிரி சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுகள்ல குடியிருக்கறவங்களுக்குக் கிடையாது. நமக்கு அங்க போக பாஸ்போர்ட்டே வேண்டாம், போயி பசுபதிநாதரக் கும்பிட்டுட்டு வாங்க.

அண்ணாச்சி, உங்க பதில் வர்றதுக்கு முன்னாடியே எங்க மாமா அந்த ஏஜென்ட்கிட்ட அட்வான்ஸும் குடுத்து, தன்னோட பாஸ்போர்ட், தாத்தாவோட குடும்ப கார்டு ரெண்டும் ஒரிஜினலாவே குடுத்துட்டாரு. இப்ப போன எடுக்க மாட்டேங்குறாரு. என்ன செய்ய? – லதா, குளத்துப்புழை

பணத்த அப்புறம் பாக்கலாம்மா, முதல்ல காகிதம். அடுத்தவன் பாஸ்போர்ட்டத் திருப்பித் தராம வச்சுக்க அவருக்கு உரிமை கிடையாது, அதனால நீங்க பயப்பட வேண்டாம், அவருதான் பயப்படணும். மாமாவ கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போயி எழுத்துல புகார் குடுங்க, ஏமாத்துனதுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவுல 318ஆம் பிரிவு இருக்கு. ஜிபேல அனுப்புன ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸாப் மெசேஜ், வாய்ஸ் நோட்டு எதையும் டிலீட் பண்ணிடாதீங்க, அவரு டிலீட் பண்றதுக்கு முன்னாடி இன்னைக்கே எடுத்து வைங்க. புகார்ல பாஸ்போர்ட் நம்பர எழுதி ரசீது வாங்கி, அத வச்சு பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் தெரிவிச்சிடுங்க, வேற யாரும் அதுல விளையாட முடியாது. குடும்ப கார்டுக்கு மாத்து கிடைக்கறது கஷ்டம், அத புகார்ல தனியா ஒரு வரி எழுதுங்க, "பழைய சீட்டு தானே"ன்னு ரைட்டர் விட்டுட்டா எழுத வச்சுட்டு வாங்க. காலனில வேற யாரெல்லாம் குடுத்தாங்கன்னு கேட்டு ஒண்ணாப் போனா ஸ்டேஷன்ல கொஞ்சம் வேகமா நகரும். ரசீது நம்பர் வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.